குழாய் இலேசாக இருந்தால் மட்டும் போதுமா?

நகரும் வேலைமேடைகளில் அழுத்தக் காற்றுக் குழாய்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

செம்பனை ஆலையாயினும், ரப்பர்த் தொழிற்சாலையாயினும், தோட்டத்துப் பட்டறையாயினும் கம்பிரசர் என்னும் காற்றமுக்கி இல்லாத இடம் இன்று அரிது. இரும்பில் படிந்த துருவைச் சுரண்டவும், எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாயம் தெளிக்கவும், இறுகிய திருகாணிகளைக் கழற்றவும் அழுத்தக் காற்று பயன்படுகிறது. நீராவியும் ஈரமும் நிறைந்த ஆலைகளில் மின்சாரக் கருவிகளால் அதிர்ச்சி ஏற்படும் அபாயம் உண்டு. காற்றினால் இயங்கும் கருவிகளில் அந்த அபாயம் இல்லை. ஆகவேதான் உயரத்தில் நின்று செய்யும் வேலைகளுக்கும் அவற்றையே பலர் விரும்புகின்றனர்.

உயரத்தில் வேலை செய்வதற்குச் சக்கரம் பூட்டிய கோபுர மேடைகளும், கத்தரிக்கோல் போல விரிந்து உயரும் இயந்திர மேடைகளும் வந்துவிட்டன. இம்மேடைகள் இடத்துக்கு இடம் நகர்வன. அவற்றில் பொருத்தப்படும் எதுவும் கனமின்றி இருத்தல் வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால், கனத்தை மட்டும் பார்த்துக் குழாயைத் தேர்ந்தெடுத்தால் என்ன நேரும்? இப்பாடத்தில் நாம் ஆராய இருப்பது இதுவே.

பட்டறையில் எழுந்த ஒரு கேள்வி

சில காலத்துக்கு முன் ஒரு செம்பனை ஆலையின் பட்டறைக்கு நாம் சென்றிருந்தோம். எண்ணெய்த் தொட்டி ஒன்றின் வெளிப்புறத்தைச் சுரண்டிச் சாயம் பூசுவதற்காகச் சக்கரக் கோபுரம் ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கோபுரத்தின் ஒரு காலோடு சாம்பல் நிறக் குழாய் ஒன்று அடியிலிருந்து உச்சி வரை கட்டப்பட்டிருந்தது. அது வீடுகளில் தண்ணீருக்குப் போடப்படும் சாதாரண பி.வி.சி. குழாய். அதன் அடிமுனையைக் கம்பிரசரோடு இணைக்க ஓர் இளைஞர் முயன்றுகொண்டிருந்தார்.

அருகில் நின்ற மூத்த ஃபோர்மனிடம் அக்குழாயைப் பற்றிக் கேட்டோம். "ஐயா, இரும்புக் குழாய் போட்டால் மேடையைத் தள்ளவே முடிவதில்லை. இது இலேசு, விலையும் மலிவு. தண்ணீருக்குத் தாங்குகிற குழாய் காற்றுக்குத் தாங்காதா? பத்து பார் அழுத்தம் என்று குழாயின் மேலேயே அச்சடித்திருக்கிறதே. நம் கம்பிரசர் ஏழு பார்தானே!" என்றார் அவர்.

அவர் அனுபவம் மிக்கவர். கவனக் குறைவானவர் அல்லர். அவருடைய கணக்கும் மேலோட்டமாகப் பார்த்தால் சரியே. பத்து ஏழைவிடப் பெரிது. ஆயினும் அக்குழாயில் காற்றை ஏற்ற வேண்டாம் என்று நாம் கேட்டுக்கொண்டோம். அதற்குரிய காரணத்தை அவருக்குச் சொன்னவாறே இங்கும் விளக்குவோம்.

தண்ணீர் வேறு, காற்று வேறு

பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு பரிசோதனை உண்டு. ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தண்ணீரை நிரப்பி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு தண்டை அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது. விட்டாலும் ஒன்றும் நிகழாது. பின்னர் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றோடு அவ்வாறே செய்யுங்கள். தண்டு பாதி தூரம் உள்ளே செல்லும். கையை எடுத்தவுடன் வில்லைப் போல் திரும்பி வரும்.

தண்ணீர் அமுங்குவதில்லை, காற்று அமுங்குகிறது. அமுங்கிய காற்று, அமுக்கிய சக்தியைத் தன்னுள்ளே சேமித்து வைத்துக்கொள்கிறது. இதுவே இப்பாடத்தின் அடிப்படை.

இதனைக் கணக்கிலும் காண்போம். ஏழு பார் அழுத்தம் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு. அந்த அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆறேழு சொட்டு அளவுக்கே சுருங்கும். அதில் அடங்கியிருக்கும் சக்தி 1 ஜூலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதே அழுத்தத்தில் உள்ள ஒரு லிட்டர் காற்று திடீரென விடுபட்டால் வெளிப்படும் சக்தி சுமார் 900 ஜூல். ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தச் சுமார் 10 ஜூல் தேவை. எனவே, ஒரு லிட்டர் அழுத்தக் காற்று 90 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்க வல்லது. தண்ணீருக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ எட்டாயிரம் மடங்கு!

உட்புறம் 25 மில்லிமீட்டர் அகலமுள்ள 6 மீட்டர்க் குழாயில் ஏறக்குறைய மூன்று லிட்டர் காற்று அடங்கும். அது வெடித்தால் வெளிவரும் சக்தி, 70 கிலோ எடையுள்ள ஒருவர் கிட்டத்தட்ட நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். குழாயோடு காற்றுத் தொட்டியும் இணைந்திருப்பதால், வெடித்த வாய் வழியே மேலும் காற்று பாய்ந்துகொண்டே இருக்கும்.

தண்ணீர்க் குழாய் விரிசல் கண்டால் தண்ணீர் பீறிடும், அழுத்தம் உடனே இறங்கிவிடும், நாம் நனைவோம். காற்றுக் குழாய் விரிசல் கண்டாலோ, உள்ளே அடங்கிய சக்தி முழுவதும் அந்த விரிசலைப் பிளந்துகொண்டு வெளியேறும்.

எப்படி உடையும் என்பதே முதற் கேள்வி

குழாய் எதுவாயினும் ஒரு நாள் பழுதடையவே செய்யும். ஆகவே, 'இது எவ்வளவு அழுத்தம் தாங்கும்?' என்று மட்டும் கேட்டால் போதாது. 'இது உடைந்தால் எப்படி உடையும்?' என்றும் கேட்க வேண்டும்.

இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றாலான குழாய்கள் பழுதடையும்போது பெரும்பாலும் நெளியும், கிழியும், கசியும். ரப்பர்க் குழாயும் நைலான் குழாயும் உப்பிக் கிழியும். ஆனால் விறைப்பான பி.வி.சி. குழாய் கண்ணாடியைப் போல நொறுங்கும். ஓரிடத்தில் தோன்றிய விரிசல் நொடிப்பொழுதில் குழாயின் நீளம் முழுவதும் ஓடும். கூர்மையான சில்லுகள் நாலா பக்கமும் பறக்கும். மேடையில் நிற்பவருக்கு ஒதுங்க இடமில்லை. முகத்துக்கு ஓரடி தூரத்தில் குழாய் இருக்கும். திடுக்கிட்டுப் பின்வாங்கினாலோ காலடியில் நிலம் இல்லை.

இது கற்பனை அச்சமன்று. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் அழுத்தக் காற்று சென்ற பி.வி.சி. குழாய் வெடித்து, சில்லுகள் பாய்ந்து ஒரு தொழிலாளியின் கையைக் கிழித்தன. அதைச் சுட்டிக்காட்டி, தரைக்கு மேலே செல்லும் அழுத்தக் காற்றுக்குப் பி.வி.சி. குழாய்களைப் பயன்படுத்துவதன் ஆபத்தை அந்நாட்டுத் தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிர்வாகம் 1988ஆம் ஆண்டில் அறிவித்தது. அதற்கு முன்னரே, 1972ஆம் ஆண்டில், அங்குள்ள பிளாஸ்டிக் குழாய்த் தொழிலாரின் அமைப்பே, மண்ணுக்குள் புதைக்காத, உறையிடாத நிலையில் இத்தகைய குழாய்களில் அழுத்த வாயுக்களைச் செலுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. குழாய் செய்பவர்களே கூறிய எச்சரிக்கையை நாம் அலட்சியம் செய்யலாமா?

குழாயில் அச்சிட்ட எண்ணின் பொருள்

"பத்து பார் என்று எழுதியிருக்கிறதே" என்றாரே ஃபோர்மன், அதற்கு விடை யாது?

முதலாவதாக, தண்ணீர்க் குழாயின் மேல் அச்சிடப்பட்ட எண் தண்ணீருக்கு உரியது, காற்றுக்கு உரியதன்று.

இரண்டாவதாக, அந்த எண் 20 முதல் 23 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நிலையைக் கருதிக் கொடுக்கப்படுவது. சூடு ஏற ஏறப் பி.வி.சி.யின் பலம் குன்றும். 38 பாகையில் அதன் தாங்கும் ஆற்றல் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 43 பாகையில் பாதியாகிவிடும். 60 பாகையில் கால் பங்குகூட மிஞ்சாது. நண்பகல் வெயிலில் தகரக் கூரையின் கீழும், கொதிகலன் அருகிலும் நிற்கும் மேடையில் 43 பாகை என்பது அரிதன்று. அந்நிலையில் பத்து பார் குழாய் ஐந்து பார் குழாய் ஆகிவிடுகிறது. கம்பிரசரோ ஏழு பார் தருகிறது. போதாக்குறைக்கு, குளிர்விக்கும் அமைப்பில்லாத சிறு கம்பிரசரிலிருந்து வெளிவரும் காற்றே கையைச் சுடும்.

மூன்றாவதாக, நகரும் மேடையில் குழாய் அடிபடும், அதிரும், கீறல் விழும். வெயில் பட்டுப் பட்டு அதன் மேற்பரப்பு முறுகிப்போகும். கம்பிரசரிலிருந்து காற்றோடு கலந்து வரும் சிலவகைச் செயற்கை எண்ணெய்கள் பிளாஸ்டிக்கைத் தாக்கி விரிசல் உண்டாக்கும். இவையாவும் வெளிப்பார்வைக்குப் புலப்படா. ஆறு மாதம் தாங்கியது என்பதால் ஏழாவது மாதமும் தாங்கும் என்று கொள்வதற்கில்லை.

இங்கு ஒரு தெளிவு வேண்டும். நாம் விலக்குவது விறைப்பான பி.வி.சி. குழாயை. நூலிழை பின்னி, காற்றுக்கென்றே தயாரித்து, அழுத்த அளவு குறிக்கப்பட்டு விற்கப்படும் வளையக்கூடிய குழாய் வேறு. அவ்வாறே, அழுத்தக் காற்றுக்கென்று தனியே தயாரிக்கப்படும் விறைப்பான பிளாஸ்டிக் குழாய்களும் உள்ளன. அவை நொறுங்காமல் கிழியும் இயல்புடையவை. தயாரிப்பாளர் 'அழுத்தக் காற்றுக்கு ஏற்றது' என்று எழுத்தில் உறுதி கூறாத எதையும் பயன்படுத்தலாகாது என்பதே விதி.

உண்மையில் எது இலேசு?

பி.வி.சி.யை விட்டால் கனமான இரும்புதானே கதி என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு. ஒரு மேடைக்கு 12 மீட்டர் குழாய் வேண்டும் என்று வைத்துக்கொண்டு, சிறு கருவிகளுக்குப் போதுமான அளவுகளில் எடைகளை ஒப்பிடுவோம்.

இரும்பு: வெளி விட்டம் 21.3 மி.மீ., கனம் 2.6 மி.மீ. கொண்ட அரை அங்குலக் குழாய். 12 மீட்டரின் எடை 14 கிலோவுக்கு மேல்.

செம்பு: வெளி விட்டம் 15 மி.மீ., கனம் 0.7 மி.மீ. எடை சுமார் 3.4 கிலோ.

அலுமினியம்: வெளி விட்டம் 20 மி.மீ., கனம் 1.5 மி.மீ. எடை சுமார் 2.8 கிலோ.

விறைப்பான பி.வி.சி.: வெளி விட்டம் 21.3 மி.மீ., கனம் 2.8 மி.மீ. எடை சுமார் 2.7 கிலோ.

நைலான்: வெளி விட்டம் 12 மி.மீ., உள் விட்டம் 9 மி.மீ. எடை சுமார் 0.6 கிலோ.

நூலிழை பின்னிய ரப்பர்க் குழாய்: உள் விட்டம் 13 மி.மீ. எடை சுமார் 3 முதல் 4 கிலோ.

இப்பட்டியலைக் கூர்ந்து நோக்குங்கள். அலுமினியத்துக்கும் பி.வி.சி.க்கும் உள்ள வேறுபாடு 100 கிராம் அளவே! அலுமினியம் பி.வி.சி.யைவிட ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தி உடையது என்பது உண்மை. ஆயினும் அது பலம் மிக்கது. ஆகவே மெல்லியதாகச் செய்ய முடிகிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கிறோம். அந்த எடையும் குறைவதில்லை. எஞ்சுவது விலை ஒன்றே. சில வெள்ளி மிச்சப்படுத்தக் கண்ணை விலையாகக் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

ஒவ்வொன்றின் குணமும் குறையும்

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. காற்றுக்கென்றே செய்யப்பட்ட குழாய்களும், அழுத்திப் பூட்டும் இணைப்புகளும் கிடைக்கின்றன. பற்றவைப்போ மரை வெட்டுவதோ தேவையில்லை. ஆனால், அடிபட்டால் நசுங்கும். காரச் சோடா சிந்தும் இடங்களில் அரித்துப்போகும். ஈரத்தில் செம்போடு நேராக ஒட்டியிருந்தாலும் அரிக்கும். எனவே உரிய இணைப்புகளையே பயன்படுத்த வேண்டும்.

செம்பு நல்லதே, ஆயினும் விலை அதிகம். இடைவிடாத அதிர்ச்சியில் அது இறுகி, இணைப்பின் ஓரத்தில் வெடிப்புக் காணும். நகரும் மேடைக்கு அது முதல் தெரிவு அன்று.

நைலான் குழாய் தோட்டத் தொழிலாளர்களுக்குப் புதியதன்று. லோரிகளின் பிரேக்குக்குக் காற்றைக் கொண்டு செல்வது பெரும்பாலும் அதுவே. குலுக்கலையும் எண்ணெயையும் அது தாங்கும். மேடையின் கைப்பிடிக் கம்பியை ஒட்டிச் செல்லும் சிறு கிளைகளுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் சூட்டில் அதன் பலமும் குறையும். வெல்டிங் பொறி பட்டால் உருகும். நம் இடத்துச் சூட்டுக்குரிய அழுத்த அளவைத் தயாரிப்பாளரின் அட்டவணையில் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

பாலியூரித்தேன் குழாய் மிகவும் வளையும், உராய்வைத் தாங்கும். கருவியோடு இணைக்கும் சுருள் குழாய்கள் பெரும்பாலும் இதனால் ஆனவை. இதில் எஸ்டர் வகை, ஈதர் வகை என இரண்டு உண்டு. எஸ்டர் வகை ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நாளடைவில் நைந்துவிடும். நமது தட்பவெப்பத்துக்கு ஈதர் வகையே ஏற்றது.

ரப்பர்க் குழாய் எல்லாவற்றிலும் கடினமான உழைப்பைத் தாங்குவது. தரையில் இழுபடும் பகுதிக்கும், தரைக்கும் மேடைக்கும் இடையே தொங்கும் பகுதிக்கும் அதுவே உகந்தது. நல்ல குழாய்கள் குறிப்பிட்ட வேலை அழுத்தத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தில்தான் வெடிக்கும் வகையில் செய்யப்படுகின்றன. வேலை அழுத்தம் குழாயின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அச்சு இல்லாத குழாயை வாங்க வேண்டாம்.

குறுகிய குழாயின் தண்டனை

எடையைக் குறைக்கக் குழாயின் விட்டத்தைக் குறைப்பாரும் உளர். அதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரே அளவு காற்று செல்லும்போது, உள் விட்டம் பாதியானால் அழுத்த இழப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறத்தாழ 32 மடங்கு ஆகிறது. அரை அங்குலக் குழாய்க்குப் பதில் முக்கால் பாகமான மூன்று எட்டில் ஒரு அங்குலக் குழாயைப் போட்டாலே இழப்பு நான்கு மடங்குக்கு மேல் ஆகும். கருவி சோர்ந்து வேலை செய்யும். உடனே ஒருவர் கம்பிரசரின் அழுத்தத்தைக் கூட்டுவார். குழாய்க்கும் ஆபத்து கூடும். கருவி கேட்கும் காற்றின் அளவை முதலில் அறிந்து, அதற்குரிய விட்டத்தை முடிவு செய்த பின்னரே எடையைப் பார்த்தல் வேண்டும்.

குழாயில் சேரும் தண்ணீர்

நமது நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். 30 பாகை வெப்பத்தில், நூற்றுக்கு எண்பது பங்கு ஈரமுள்ள ஒரு கன மீட்டர்க் காற்றில் சுமார் 24 கிராம் நீர் ஆவியாகக் கலந்திருக்கும். அதை ஏழு பாருக்கு அமுக்கிப் பழைய வெப்பத்துக்கே ஆற விட்டால், சுமார் 4 கிராம் நீரையே அது தன்னுள் வைத்திருக்க இயலும். மீதி 20 கிராம் தண்ணீராக வடியும். மணிக்கு 36 கன மீட்டர்க் காற்றை இழுக்கும் சிறு கம்பிரசர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீரைத் தரும்!

இத்தண்ணீர் இரும்புக் குழாயை உள்ளே துருப்பிடிக்கச் செய்யும். துருத் துகள்கள் கருவியைக் கெடுக்கும். அலுமினியமும் நைலானும் இவ்வகையிலும் மேலானவை. எனினும் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும். காற்றுத் தொட்டியின் அடியிலுள்ள வடிகுழாயை நாள்தோறும் திறந்து விடுங்கள். மேடைக் குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு சிறு வடிவால்வு அமையுங்கள்.

மேடையையும் நினைக்க வேண்டும்

கத்தரி மேடைகளில் சிறிய வகைகள் பல, ஆட்களையும் கருவிகளையும் சேர்த்துச் சுமார் 230 கிலோவையே தாங்கும். இருவர் ஏறினால் 150 கிலோ. கருவிகளும் சாயமும் 50 கிலோ. எஞ்சுவது 30 கிலோ. இதில் 14 கிலோ இரும்புக் குழாய் பாதியைத் தின்றுவிடும். ஆகவே எடையைப் பற்றிய ஃபோர்மனின் கவலை நியாயமானதே. உங்கள் மேடைக்குரிய எல்லை அதன் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே இறுதி.

ஆனால் எடையினும் பெரிய ஆபத்து ஒன்று கவனிக்கப்படாமலே போகிறது. அதுவே குழாயின் இழுப்பு. 6 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சிக் கம்பியில் ரப்பர்க் குழாயைக் கட்டியிருக்கிறோம் என்று கொள்வோம். கீழே யாரோ அதை 20 கிலோ விசையோடு பக்கவாட்டில் இழுக்கிறார். கோபுரத்தைப் புரட்டும் விசை 20 ஐ 6 ஆல் பெருக்க 120. கோபுரமும் ஆளும் சேர்ந்து 250 கிலோ, அடி அகலம் 1.35 மீட்டர் என்றால், கோபுரத்தைத் தாங்கி நிற்கும் விசை 250 ஐ அகலத்தின் பாதியால் பெருக்கச் சுமார் 169. அதாவது, ஒரே இழுப்பில் பாதுகாப்பின் பத்தில் ஏழு பங்கு போய்விடுகிறது. எனவே குழாயை முதலில் கோபுரத்தின் அடியில் ஒரு காலோடு உறுதியாகக் கட்டி, பின்னரே மேலே கொண்டு செல்ல வேண்டும். கீழே இழுப்பவர் அடியைத்தான் இழுப்பார், உச்சியை அல்ல.

கத்தரி மேடையில் தொங்கும் குழாய், விரிந்து மடங்கும் கரங்களுக்கிடையே சிக்காதவாறு வெளிப்புறமாக விடப்படல் வேண்டும். தயாரிப்பாளரின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைப்பிடிக் கம்பிகளில் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. கம்பிரசரை மேடையில் ஏற்ற வேண்டாம். அது தரையிலேயே இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. சிறிய கோபுர மேடைக்கு விறைப்பான குழாயே தேவையில்லை; தரையிலிருந்து கருவி வரை ஒரே ரப்பர்க் குழாய் போதும். பெரிய மேடையில் பல கருவிகள் இயங்கினால், தரையிலிருந்து மேடை வரை ரப்பர்; மேடையின் ஓரமாக அலுமினியம் அல்லது நைலான்; அங்கிருந்து கருவிக்கு ஈதர் வகைச் சுருள் குழாய். இதுவே நாம் பரிந்துரைக்கும் அமைப்பு.

வேலை தொடங்குமுன்

இணைப்புக் கழன்ற குழாய் சாட்டையைப் போல் சுழன்று அடிக்கும். ஆகவே ஒவ்வோர் இணைப்பிலும் இரு பக்கக் குழாய்களையும் பிணைக்கும் பாதுகாப்புக் கம்பிவடம் பூட்டுங்கள். நகம் போன்று பற்றும் இணைப்புகளில் பூட்டூசியை மறவாதீர்கள். சாதாரணக் கம்பியால் முறுக்கிக் கட்டிய இணைப்பு ஏற்கத்தக்கதன்று. தரையில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாக மூடும் வால்வுகள் இருக்கட்டும். காற்றை மெதுவாகத் திறந்து, கசிவைச் சோப்பு நுரையால் சோதியுங்கள். கையால் தடவிப் பார்க்காதீர்கள். எந்த இணைப்பையும் கழற்றுமுன் வால்வை மூடி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். கண்ணாடியும் காதுக் காப்பும் அணியுங்கள்.

உங்கள் பட்டறையில் ஏற்கெனவே பி.வி.சி. குழாயில் காற்று ஓடுமானால், அதைத் தட்டியும் பார்க்க வேண்டாம். ஆட்களை விலக்கி, கம்பிரசரை நிறுத்தி, தொட்டியிலிருந்தே அழுத்தத்தை முற்றிலும் இறக்கிய பின்னரே கழற்ற வேண்டும்.

சட்டம் உங்களுக்குத் துணை

நமது நாட்டில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நடப்பில் உள்ளது. 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் முதல் நாள் நீக்கப்பட்டு, திருத்தப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் அன்றே நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பான கருவிகளைத் தருவது முதலாளியின் கடமை. தம்மையும் பிறரையும் காத்துக்கொள்ளும் வகையில் நடப்பது தொழிலாளியின் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் திருத்தத்தின் வழி தொழிலாளிக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே, ஐயம் தோன்றினால் அஞ்சாமல் மேலாளரிடம் முறையாகத் தெரிவியுங்கள்.

அன்று அந்தப் பட்டறையில் ஃபோர்மன் சற்று நேரம் மௌனமாக நின்றார். பின்னர் அந்த இளைஞரை நோக்கி, "தம்பி, அதைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போடு, அதற்குத்தான் அது லாயக்கு" என்றார். "அப்போது மேலே எதைப் போடுவது, அண்ணே?" என்று இளைஞர் கேட்டார். அருகில் சுருட்டி வைத்திருந்த ரப்பர்க் குழாயை ஃபோர்மன் சுட்டிக்காட்டினார். தீர்வு அங்கேயே கிடந்தது. குழாயை மாற்ற அரை மணி நேரம் பிடித்தது. வேலை அன்றே தொடங்கியது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஒரே அழுத்தத்தில் தண்ணீர்க் குழாயும் காற்றுக் குழாயும் உடைந்தால் விளைவு வேறுபடுவது ஏன்?

2. பத்து பார் என்று குறிக்கப்பட்ட பி.வி.சி. குழாய் 43 பாகை வெப்பத்தில், தண்ணீருக்கே ஆயினும், எத்தனை பார் தாங்கும்?

3. ரப்பர்க் குழாயைக் கோபுரத்தின் அடியில் முதலில் கட்டுவதன் நோக்கம் என்ன?

4. உங்கள் பட்டறையில் காற்று ஓடும் குழாய்கள் எப்பொருளால் ஆனவை? அவற்றின் மேல் என்ன அச்சிடப்பட்டிருக்கிறது?

நான்காம் வினாவுக்குரிய விடை இவ்வேட்டில் இல்லை. நாளைக் காலை வேலைக்குச் சென்றதும், கம்பிரசரை முடுக்கும் முன்னர், நீங்களே சென்று பார்த்து அறிய வேண்டிய விடை அது.